ஒன்பதாவது எக்சர்சைஸ்

இந்தப் பக்கம் வந்து உக்காருங்க சார். அந்த ஃபேன் சத்தம்தான் போடும், காத்து வராது. செருப்ப வெளியவே விட்டுட்டீங்கள்ல? நல்லது. பிராக்டிகல் பரீட்சைக்கு எக்ஸ்டர்னலா வாரவங்க சில பேரு ஷூவோட லேபுக்குள்ள வந்துருவாங்க, நாம சொல்லவும் முடியாது. சாப்பாடு எப்படி, ரசத்துல உப்பு கூடயோ? கேன்டீன்ல இன்னைக்கு ஆள் மாத்தம். அடுத்த பேட்ச் ரெண்டு மணிக்குத்தான் வரும். உங்க பஸ்ஸு நாலரைக்கு. அதுக்கு முன்ன இந்த ஊருலருந்து வெளிய போக வண்டி கிடையாது. நீங்களும் இன்னைக்கு ஒரு நாள் என்ன மாதிரி இங்க கிடக்க வேண்டியதுதான்.

நான் பன்னெண்டு வருசமா கிடக்கேன்.

காலையில பாத்தீங்கள்ல, பிள்ளைங்க ரெக்கார்ட் நோட்டு. ஹிஸ்டரி, தமிழ், பி.காம்., எது படிச்சாலும் முதல் வருசம் நம்ம பேப்பர் கட்டாயம், கணினி அடிப்படை. இடது பக்கம் ஸ்கிரீன பென்சில்ல வரையணும், ஸ்கேல் வச்சு. வலது பக்கம் செய்முறை. ஒரு எழுத்தைத் தடிமனாக்க எங்க ரெக்கார்டுல பதினேழு ஸ்டெப் சார். 'மின் இணைப்பைச் சரிபார்க்கவும்'ல ஆரம்பிப்போம். வேற காலேஜ்ல எட்டுல முடிச்சிருதாங்க. முதல் ஆறு வாரம் நான் மிஷினைத் தொடவே விடமாட்டேன். நாப்பது மிஷின்ல இருபத்திமூணுதான் ஓடுது, தொட்டுத் தொட்டு அதையும் கெடுத்துட்டா? போர்டுல வரைஞ்சு காட்டுவேன். மவுஸ், மானிட்டர், எல்லாம் அவங்க கண்ண மூடிக்கிட்டு வரைவாங்க. நீங்க காலையில ஒருத்தரும் மிஷின் முன்னால சரியாச் செய்யலைன்னு சொன்னீங்க. பயம் சார். எக்ஸ்டர்னல்னா பயம். ரெக்கார்டுல பாருங்க, ஒரு பிழை இருக்காது.

என் பேரு ஆறுமுகநயினார். பிள்ளைங்களுக்குத் தெரியாது. 'கம்ப்யூட்டர் சார்', அம்புட்டுதான்.

உங்க காலேஜ்ல சர்டிபிகேட்டு ஒரிஜினல வாங்கி வச்சுக்கிடுவாங்களா? வச்சிருப்பாங்க, எல்லாத் தனியார் காலேஜ்லயும் நடக்கதுதான. நான் சேந்த அன்னைக்கு, பத்தாவது மார்க் ஷீட்டுலருந்து எம்.சி.ஏ. டிகிரி வரைக்கும் ஒரு பிரவுன் கவர்ல போட்டு வாங்கி, செக்ரட்டரி ரூம் பீரோவுல வச்சுப் பூட்டுனாங்க. நான் ஒண்ணும் கேக்காம கையெழுத்துப் போட்டுக் குடுத்தேன். வேற வேலைக்குப் போகணும்னா அந்தக் கவர் வேணும். அந்தக் கவர் வேணும்னா செக்ரட்டரி மனசு வைக்கணும். இப்ப புரியுதா நான் எப்படி மாட்டுனேன்னு?

மூணு வருசம் முந்தி, பிப்ரவரி கடைசி. மதுரையில ஒரு பாலிடெக்னிக்ல எனக்கு வேலை கிடைச்சுது. நிரந்தர வேலை. எம் பொஞ்சாதி காந்திமதி மதுரையிலதான் நர்ஸா இருக்கா, பாப்பாவும் அவகூடத்தான். நான் இங்க ஒத்தை ரூம்ல. சனிக்கிழமை சாயங்காலம் பஸ் ஏறி, திங்கக்கிழமை விடியுமுன்ன திரும்புவேன். பாப்பா என்னக் கண்ட உடனே, "அப்பா, எப்ப ஊருக்குப் போவீங்க"ன்னு கேக்கும். ஊருன்னு அது சொல்லுதது இத. வந்த மனுசன எப்ப போவன்னு கேட்டா எப்படி இருக்கும், சொல்லுங்க. அதுக்குத்தான் விழுந்து விழுந்து அப்ளிகேசன் போட்டேன். ஆர்டர் வந்த அன்னைக்கு காந்திமதி போன்ல அழுதுக்கிட்டே இருந்தா. ஏப்ரல் பத்தாம் தேதிக்குள்ள ஒரிஜினலோட போய்ச் சேரணும். எனக்கு அப்ப முப்பத்தொம்பது முடியப் போகுது. நாப்பதுக்கு மேல அங்க எடுக்க மாட்டாங்க. அதனால அந்த ஒரு வாசல்தான்.

செக்ரட்டரி கனகசபாபதி ஐயாகிட்ட ஆர்டரக் கொண்டுபோய்க் காட்டுனேன். நல்ல மனுசன்னு ஊரே சொல்லும். கண்ணாடியப் போட்டு ரெண்டு தடவை படிச்சாரு.

"நயினார், போகாதீருன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா இந்தக் காலேஜ்ல கம்ப்யூட்டர் வேலை தெரிஞ்ச ஆளு நீரு ஒருத்தர்தான். ஒரு ஆளத் தயார் பண்ணும். 'இந்த ஆளு பாத்துக்கிடும்'னு எம் முன்னால ஒரு வார்த்தை சொல்லும். அன்னைக்கே கவர வாங்கிட்டுப் போகலாம்" அப்படின்னாரு.

கேக்க எவ்வளவு நியாயமா இருக்கு பாருங்க. அதான் சார் அவங்க சாமர்த்தியம்.

அவரு சொன்னதுல பொய் இல்ல. காலேஜ்ல எல்லாம் நான்தான். டைம்டேபிள் நான்தான், அட்டெண்டன்ஸ் நான்தான், பிரின்சிபால் மேடையில பேசுத பேச்சுகூட நான் அடிச்சுக் குடுத்ததுதான். செக்ரட்டரி வீட்டுப் பேரன் காதுகுத்துப் பத்திரிகை வரைக்கும் எங்கிட்டதான் வரும். பாஸ்வேர்டு அத்தனையும் என் மனசுக்குள்ள. எழுதி வைக்க மாட்டேன், எழுதி வச்சா பாதுகாப்பு கிடையாதுல்லா? ஆபீஸ்ல கிளார்க்கு கோமதியக்கா ஒரு தடவை, "தம்பி, அந்த லிஸ்ட மட்டும் எப்படித் திறக்கதுன்னு சொல்லிக் குடுங்க, உங்களத் தொந்தரவு பண்ணாம இருப்பேன்"னாங்க. எதுக்குக்கா உங்களுக்குச் சிரமம், நான் இருக்கேன்லான்னுட்டேன். மனசாட்சிக்கு விரோதமா ஒருத்தர்மேல வேலையச் சுமத்த எனக்குத் தெரியாது.

இதுல ஹால் டிக்கெட்டு இருக்கே. நம்மது தன்னாட்சிக் காலேஜ், செமஸ்டர் ஹால் டிக்கெட்ட இங்கயே அடிக்கணும். ஆயிரத்து நூத்தி நாப்பது பிள்ளைங்க. ஒரு டிக்கெட்டத் திறந்து, பேர அழிச்சு, அடுத்த பேர அடிச்சு, நம்பர மாத்தி, பாடத்த மாத்தி, பிரிண்ட் குடுத்து, அடுத்தது. பதினோரு நாள் ஆகும். அந்தப் பதினோரு நாளும் ஆபீஸ்ல சத்தமாப் பேச மாட்டாங்க. "நயினார் சார் ஹால் டிக்கெட்ல இருக்காரு"ம்பாங்க. செக்ரட்டரி வீட்டுலருந்து எனக்குன்னு பிளாஸ்க்ல காப்பி வரும். ஒன்பது வருசம் அப்படி அடிச்சிருக்கேன். கண்ணு போச்சு, முதுகு போச்சு. யாரு கேக்கா?

சரி, ஆளத் தயார் பண்ணணும். யாரப் பண்ண? லேப் அட்டெண்டரா முத்துப்பேச்சின்னு ஒரு பொண்ணு இருந்துது. காலையில உங்களுக்கு மோர் கொண்டு வந்துதே, அது இல்ல, இது வேற. லேப் சாவி அதுகிட்டதான், சாயங்காலம் மவுஸ எண்ணி வச்சுட்டுப் பூட்டும். இங்கதான் பி.ஏ. ஹிஸ்டரி படிச்சுது, எங்கிட்டயே நம்ம பேப்பரும் படிச்சுது. அம்மா பீடி சுத்துதவங்க. தபால்ல கம்ப்யூட்டர் டிப்ளமா முடிச்சிருந்துது. வேகமான பொண்ணு. எனக்கு அந்த வேகம் அப்பவே பிடிக்காது. அது முதல் வருசப் பரீட்சையில, எழுத்தைத் தடிமனாக்குன்னு கேள்வி. ரெண்டு பட்டன ஒண்ணா அமுக்குச்சு, முடிச்சிருச்சு. பதினேழு ஸ்டெப் எங்க? நான் பக்கத்துல நிக்கேன், "முடிச்சிட்டேன்யா"ங்குது. பாஸுக்கு மேல ஒரு மார்க்கு போட்டேன். ஒழுங்குன்னு ஒண்ணு இருக்குல்லா சார். நீங்களும் அதத்தான் செஞ்சிருப்பீங்க.

ஆனாலும் வேற ஆள் இல்ல. கூப்பிட்டுச் சொன்னேன். அதுக்குப் புரிஞ்சுபோச்சு. "நான் சீக்கிரம் கத்துக்கிடுதேன்யா. நீங்க பாப்பாகிட்டப் போயிரலாம்" அப்படின்னு சொல்லுச்சு. எனக்கே கண்ணு கலங்கிட்டு. முதல்லருந்து ரெக்கார்ட எழுதுன்னேன்.

ஆமா, ரெக்கார்டுதான். அடித்தளம் வேண்டாமா?

இருவது நாள் எழுதுச்சு. மூஞ்சியச் சுளிக்கல. படம் எல்லாம் ஸ்கேல் வச்சு வரைஞ்சு, பிரவுன் அட்டை போட்டு, கொண்டுவந்து நிக்கும். நானும் திருத்தித் திருத்திக் குடுத்தேன். காந்திமதி தினம் போன் பண்ணி, "ஆள் தயாராயிட்டா? எத்தனை நாள் இருக்கு?"ன்னு கேப்பா. பாலிடெக்னிக் பக்கத்துல ஒரு வீடுகூட பாத்து வச்சுட்டா. நான் சொல்லிக் குடுக்கதுக்கு ஒரு முறை இருக்குல்லா, அவசரப்பட்டா நடக்குமா?

மார்ச் கடைசியில ஹால் டிக்கெட் வேலை வந்துட்டு. சனிக்கிழமை மத்தியானம், மதுரைக்குப் புறப்பட ரூமுக்குப் போகும்போது, பிள்ளைங்க பேரும் நம்பரும் பாடமும் இருக்குத லிஸ்ட மட்டும் அதுக்குத் திறந்து குடுத்தேன். "பேரெல்லாம் சரியா இருக்கான்னு பாத்து வையி, திங்கக்கிழமை வந்து நான் அடிக்க ஆரம்பிக்கேன். நீ பக்கத்துல உக்காந்து பாரு"ன்னேன். பதினோரு நாள் ஆகும், அப்படியும் ஒன்பதாம் தேதி நான் புறப்பட்டுரலாம். எல்லாம் கணக்குப் போட்டுத்தான் வச்சிருந்தேன்.

திங்கக்கிழமை காலையில வந்தா, என் மேஜை மேல கட்டுக் கட்டா பேப்பர். ஒவ்வொரு டிபார்ட்மெண்டுக்கும் ஒரு கட்டு, சணல் கயிறு போட்டுக் கட்டி, மேல சீட்டு ஒட்டி. ஆயிரத்து நூத்தி நாப்பது ஹால் டிக்கெட்டு.

"யாரு அடிச்சா?"

"நான்தான்யா. சனிக்கிழமை மத்தியானம்."

"மத்தியானம்னா?"

"ரெண்டு மணிக்கு உக்காந்தேன். பிரிண்டர்தான்யா நேரம் எடுத்துட்டு. அஞ்சரைக்கு முடிஞ்சுது."

எனக்கு ஒண்ணும் விளங்கல. எப்படின்னு கேட்டேன். அது தலையக் குனிஞ்சுக்கிட்டே சொல்லுது, "ஒன்பதாவது எக்சர்சைஸ்யா. நீங்க சொல்லிக் குடுத்ததுதான்."

உங்க சிலபஸ்லயும் இருக்கும் சார், உங்களுக்குத் தெரியும். மெயில் மெர்ஜ். பிறந்தநாள் விழாவுக்கு அஞ்சு நண்பர்களுக்கு ஒரே கடிதம். ஒரு பக்கம் பேர் பட்டியல், ஒரு பக்கம் கடிதம். ரெண்டையும் சேத்துவிட்டா பேர் தன்னால அதது இடத்துல போய் விழும். இருபத்திரெண்டு ஸ்டெப். ஒன்பது வருசமா நான் போர்டுல எழுதிப் போட்டதுதான். இதோ, இந்தப் பிள்ளைங்க ரெக்கார்டுலயும் இருக்கு, எடுத்துப் பாருங்க. ஆனா அது பிறந்தநாள் கடிதம் சார். அஞ்சு பேருக்கு. அத ஹால் டிக்கெட்டுக்குப் போடலாம்னு எந்தப் புஸ்தகத்துல இருக்கு?

எனக்குச் சந்தோசமா இருந்திருக்கணும், ஒத்துக்கிடுதேன். வேலை முடிஞ்சுட்டு, ஆளும் தயார், ரெண்டு நாள்ல புறப்பட்டிருக்கலாம். ஆனா நான் அந்தக் கட்டுங்களையே எண்ணிக்கிட்டு உக்காந்திருந்தேன். ஆபீஸ்ல கோமதியக்கா சிரிச்சுக்கிட்டே, "என்ன தம்பி, இந்தத் தடவை உங்களுக்குப் பிளாஸ்க் காப்பி இல்லையா?"ன்னு கேட்டாங்க. விளையாட்டாத்தான் கேட்டாங்க. எனக்கு அன்னைக்குச் சாப்பாடு இறங்கல.

நான் ஒரு முடிவு பண்ணேன். வேகமா முடிச்சா போதுமா, சரியா இருக்கணும்லா? கட்டப் பிரிச்சு ஒண்ணொண்ணா சரிபாத்தேன். மூணு நாள் சார். ஆயிரத்து நூத்தி நாப்பதையும். முத்துப்பேச்சி வந்து, "ஐயா, நானும் பாக்கட்டா"ன்னு நிக்கும். வேண்டாம் போன்னுட்டேன். மூணாவது நாள் சாயங்காலம் கிடைச்சுது. தமிழ் ரெண்டாம் வருசத்துல ஒரு பையன், படிப்ப விட்டுட்டு திருப்பூருக்கு வேலைக்குப் போயிட்டான். அவனுக்கு ஹால் டிக்கெட்டு அடிச்சு வச்சிருக்கு. பாத்தீங்களா? எவ்வளவு பெரிய தப்பு. அந்த லிஸ்ட் நான் அடிச்சதுதான், அவன் பேர நான்தான் எடுக்காம விட்டிருந்தேன். அது வேற விசயம். சரிபாக்கச் சொன்னேன்லா?

மறுநாள் காலையில ஐயா ரூமுக்குப் போனோம். நான் முன்னால, அது பின்னால. அன்னைக்கு ஏப்ரல் ஒண்ணு. ஐயா பீரோவத் திறந்து என் கவர எடுத்து மேஜை மேல தயாரா வச்சிருந்தாரு. எனக்கு நல்லாத் தெரியுது, அதே பிரவுன் கவர், மேல என் கையெழுத்து. கையை நீட்டுனா எட்டும்.

"நயினார், ஹால் டிக்கெட்ட இந்தப் பொண்ணு ஒரே மத்தியானத்துல முடிச்சுட்டாமே? கோமதி சொன்னா. ரொம்பச் சந்தோசம். அப்ப இது பாத்துக்கிடும்லா?"

நான் அந்த ஒத்த டிக்கெட்ட எடுத்து அவரு முன்னால வச்சேன். படிச்சாரு.

"ஒண்ணுதான?"

"ஒண்ணுன்னாலும் தப்பு தப்புதானய்யா."

"அந்தப் பையன் பரீட்சைக்கு வரப் போறானா என்ன? கிழிச்சுப் போட்டுட்டாப் போச்சு" அப்படின்னு சிரிச்சாரு. பொறவு கவர மேஜைமேலயே எம் பக்கமா தள்ளிவிட்டாரு. "ஒரு வார்த்தை சொல்லும்வே. பாத்துக்கிடுமா, கிடாதா?"

சார், நான் கவரப் பாத்தேன். பாப்பா மூஞ்சி நினைப்புல வந்துது, வராம இல்ல. வாயத் தொறந்தேன். பொய் வரல சார். என் சுபாவம் அப்படி. "இன்னும் பத்தாதுய்யா. ஒரு ஆறு மாசம் பழகணும்"னேன்.

ஐயா கண்ணாடியக் கழத்தி வச்சாரு. "நல்லா யோசிச்சுத்தான் சொல்லுதீரா?"ன்னு கேட்டாரு. ஆமான்னேன். கவர எடுத்துத் திரும்ப உள்ள வச்சுப் பூட்டிட்டாரு. எப்படிக் கோத்துவிட்டாரு பாருங்க. உண்மையச் சொன்னா கவர் கிடையாது, பொய் சொன்னாத்தான் கவர். இப்படி ஒரு நிபந்தனையப் போட்டா நேர்மையான ஆளு எப்படி வெளிய போவான்?

வராண்டாவுக்கு வந்ததும் அந்தப் பொண்ணு அழுதுக்கிட்டு நிக்குது. திட்டு வாங்குன மாதிரி இருந்துதோ என்னவோன்னு நினைச்சேன். அதுக்கு இல்ல. "நான் பாத்துக்கிடுவேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேய்யா. நீங்க போயிருப்பீங்கல்லா. அதுக்குத்தானய்யா சீக்கிரமா முடிச்சேன்"ங்குது. பெரியவங்க விசயத்துல தலையிடாதேன்னு சொல்லிட்டு லேபுக்கு வந்து உக்காந்துட்டேன். வேற என்ன சொல்ல முடியும், சொல்லுங்க.

சாயங்காலம் காந்திமதி கூப்பிட்டா. "என்ன ஆச்சு?"

"குடுக்க மாட்டேன்னுட்டாங்க."

அவ போட்டுக் காலேஜ வைஞ்சா பாருங்க. செக்ரட்டரி வம்சத்தையே இழுத்துட்டா. நானும் பேசாமக் கேட்டுக்கிட்டேன். ஏப்ரல் பத்து போயிட்டு. அந்த இடத்துக்கு வேற ஒருத்தர் வந்துட்டாரு. பாத்து வச்ச வீட்டுக்குக் குடுத்த அட்வான்ஸ அவ திரும்ப வாங்கிட்டா. பாப்பாவுக்கு இது ஒண்ணும் தெரியாது.

பொறவு? பொறவு என்ன. ஜூன்ல காலேஜ் திறந்ததும் ஐயா முத்துப்பேச்சிய ஆபீஸுக்கு மாத்திட்டாரு. 'பழகட்டும், நீருதான ஆறு மாசம் கேட்டீரு'ன்னாரு. ஆறு மாசம்லாம் ஆகல. டைம்டேபிள் அதுக்குப் போச்சு, அட்டெண்டன்ஸ் போச்சு. பாஸ்வேர்டக் கேட்டு எழுதி வாங்கிக்கிட்டாங்க. அதுக்குன்னு தனி மேஜை, தனி நாற்காலி. என்னப் பாத்தா இன்னும் எழுந்திரிச்சு நிக்கும், அத நான் குறை சொல்ல மாட்டேன். எனக்கு இப்ப இந்த லேபும் இந்த ரெக்கார்டும்தான். ஹால் டிக்கெட் எப்ப அடிக்காங்க எப்ப முடிக்காங்கன்னே தெரியதில்ல. காந்திமதிக்கு மட்டும் நான் இன்னும் அங்க எல்லா வேலையும் பாக்கதாத்தான் நினைப்பு.

அந்தக் கவரா?

போன மாசம் பியூன் கொண்டுவந்து இந்த மேஜையில வச்சான் சார். நான் கேக்கவே இல்ல. "ஐயா குடுக்கச் சொன்னாங்க, எப்ப வேணும்னாலும் போய்க்கிடலாமாம்"ன்னு சொல்லி, ரிஜிஸ்டர்ல கையெழுத்து வாங்கிட்டுப் போனான். எப்ப வேணும்னாலும். பன்னெண்டு வருசம் உழைச்ச ஆளப் பாத்துச் சொல்லுத வார்த்தையா சார் இது? வயசு நாப்பத்திரெண்டு ஆச்சு. இனி எவன் எடுப்பான்?

இதோ, இந்த இழுப்பறையிலதான் இருக்கு. எல்லாம் சரியா இருக்கு, எண்ணிப் பாத்துட்டேன்.

வீட்டுல சொல்லல. சொன்னா வேலைய விட்டுட்டு வாங்கம்பா, மதுரையில எதாவது கடையில உக்காந்தாவது பொழைச்சுக்கிடலாம்பா. அவளுக்கு என்ன தெரியும். நேத்து ராத்திரி போன்லகூட, "உங்கள அந்தப் பாவிங்க விடவே மாட்டாங்களா?"ன்னு கேட்டா. மாட்டேங்கிறாங்களேன்னேன். உடனே ஆரம்பிச்சுட்டா, ஒரு கால் மணி நேரம் காலேஜ வைஞ்சா. நான் போனக் காதுல வச்சுக்கிட்டு அப்படியே படுத்துக் கேட்டுக்கிட்டே இருந்தேன் சார். அவ அப்படி வையும்போதுதான் எனக்குத் தூக்கம் வருது.

மணி ரெண்டாகப் போகுது. வாங்க, அடுத்த பேட்ச் வெளிய நிக்காங்க.